என் விசிலைத் திருப்பிக் கொடு

மகனே,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அடுத்த மாதம் நீ சினிமா படிக்க பிராக் நகரத்துக்கு விமானம் ஏறிவிடுவாய். அதற்கு முன் உன் குறும்படத்தை இங்கே இன்னொரு முறை திரையிடுகிறார்கள். அதன்பின் இணையத்தில் ஏற்றிவிடுவார்களாம், யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லியாக வேண்டும். இதை உன் கைப்பேசிக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கும் இடத்துக்கும் அனுப்புகிறேன். உன்னைக் கேட்கவில்லை. என் முகத்தை ஊருக்குக் காட்டும் முன் நீயும் என்னைக் கேட்கவில்லை. உன் பெயரையும் எழுதவில்லை. நீயும்தான் அன்று மேடையில் என் பெயரைச் சொல்லவில்லையே. ஆனால் நீ என் மகன் என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன், பார்த்தாயா?

உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், படிக்கிற மற்றவர்களுக்குப் புரிய வேண்டும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வகுப்பில் எப்போது கையைத் தூக்க வேண்டும், எப்படி மறுத்துப் பேச வேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிப் பேசுவார்கள். நான் மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அப்படி ஒரு நாள் வாயே திறக்காமல் வகுப்பு முடிந்ததும், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், தமிழ்க் கடைகள் இருக்கும் தேக்கா பக்கம் இறங்கித் தனியாக ஒரு மதியக் காட்சிக்குப் போனேன். எனக்குப் பின்னால் யாரோ விசிலடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன், இருட்டில் யாரென்று தெரியவில்லை. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. அவ்வளவு பெரிய சத்தம், ஆனால் சத்தம் போட்டவருக்கு முகம் இல்லை. வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினேன். எச்சில் தெறிக்கும், வெறும் காற்று வரும், தலை சுற்றும். பட்டமளிப்பு அங்கிக்குள் உன்னைச் சுமந்துகொண்டு மேடை ஏறியபோது, படிப்பும் இருந்தது, விசிலும் இருந்தது. இன்றைக்கும் சாங்கி விமான நிலையத்தில் என் சரக்கு அலுவலகத்தில் கூட்டம் நடந்தால் கதவோர நாற்காலிதான் எனக்கு. தியேட்டரில் மட்டும்தான் நான் சத்தம் போடுவேன். என்னோடு எப்போதும் படத்துக்கு வரும் ஃபாத்திமா அக்காவையும் உன்னையும் தவிர அது யாருக்கும் தெரியாது. சனி ஞாயிறு என்றால் பஸ் ஓட்டப் போய்விடும் உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் விசிலடிக்கிறவள் இல்லை நான். அதையும் நீ அறிவாய். இப்போது வருகிற பெரிய படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கதாநாயகன் காரிலிருந்து இறங்கிக் கதவு வரைக்கும் நடப்பதற்குள் நான் ஒரு பொட்டலம் முறுக்கைத் தின்று முடித்துவிடலாம். செருப்பைக் காட்டுகிறார்கள், பிறகு கழுத்து, பிறகு தாடி, பிறகு புகை. இப்போது விசிலடி, இப்போது அடி என்று சட்டையைப் பிடித்துக் கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. பிறகு தலைகள் பறக்கின்றன. திரையில் ஒருவன் கை தனியாக விழுகிறது, முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை சிப்ஸ் கேட்டு அழுகிறது, அப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எடுத்துக் கொடுக்கிறான். என்னைவிடப் பத்து வயது மூத்த நடிகருக்கு உன் வயதில் காதலி. அவளுக்கு இரண்டு பாட்டு, ஒரு அழுகை, பிறகு சாவு. அவள் செத்தால்தானே அவர் கத்தியை எடுக்க முடியும்! இதற்கெல்லாம் என் விரல் வாய்க்குப் போகாது. "ஏன்டி, இதுக்குக்கூடச் சும்மா இருக்கியே, எல்லாரும் அடிக்கிறானுவ" என்பார் ஃபாத்திமா அக்கா. "அடிக்கிறவங்க அடிக்கட்டும் அக்கா" என்பேன். கேட்டு வாங்குகிற விசில் எனக்கு வராது.

வீட்டில் பார்ப்பது அதைவிட மோசம். மார்சிலிங்கில் நம் வீவக அடுக்குமாடி வீட்டில் மூன்று பேர், மூன்று திரை. உன் அப்பா சோபாவில் படுத்துக்கொண்டு பாட்டு வந்தால் ஓட்டிவிடுவார், வசனம் வந்தால் ஓட்டிவிடுவார். "சண்டை மட்டும் பார்த்தா போதும்லா, மிச்சம் எல்லாம் தெரிஞ்சதுதானே" என்பார். நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதை அடைத்துக்கொண்டு, படம் எடுத்தவன் வைத்த வேகம் போதாது என்று ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பாய். கேட்டால், "நிறைய பார்க்கணும் மா, டைம் இல்ல" என்பாய். நான் துணி தேய்த்துக்கொண்டே கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். நடுவில் சோறு வெந்துவிடும், யாராவது கதவைத் தட்டுவார்கள், படம் அந்தரத்தில் நிற்கும். அழுதுகொண்டிருந்தவள் வாயைத் திறந்தபடி அரைமணி நேரம் காத்திருப்பாள். நம் வீட்டில் விசிலடிக்கிற ஒரே ஆள் குக்கர்தான். ஒரே படத்தை ஒரே நேரத்தில் நாம் மூன்று பேரும் பார்த்தது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நீயாகவே வந்து, "மா, இன்னிக்கு நானும் உங்களோட படத்துக்கு வரவா?" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ராணுவத்தில் தேசிய சேவைக்குப் போன பிறகு நீ என்னோடு தியேட்டருக்கு வந்ததே இல்லை. தமிழ்ப் படம் என்றாலே முகத்தைச் சுளிப்பாய். எதுவும் கேட்டால் நீ மனம் மாறிவிடுவாயோ என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. தேக்காவில் நீ, நான், ஃபாத்திமா அக்கா மூன்று பேரும் இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். ஃபாத்திமா அக்கா உன் இலையில் மீன் துண்டை எடுத்து வைத்து, "சாப்புடு தம்பி, அந்த ஊர்ல போயி ரொட்டிதான் கடிக்கணும்" என்றார். தியேட்டரில் எனக்கு இடது பக்கம் அவர், வலது பக்கம் நீ. விளக்கு அணைந்ததும் நீ எழுந்து, "அங்க காலியா இருக்கு மா, கால நீட்டிக்கலாம்" என்று முன்வரிசைக்குப் பக்கவாட்டில் போய் உட்கார்ந்தாய். உயரமான பிள்ளை, முட்டி இடிக்கும்தானே என்று நினைத்தேன். கையில் கைப்பேசி இருந்தது. யாருக்கோ செய்தி அனுப்புகிறான் என்று நினைத்தேன். நீ படம் பார்க்க வந்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

அன்று பார்த்தது ஒரு சாதாரணக் குடும்பப் படம். முக்கால்வாசி பழைய சரக்கு. ஆனால் அதில் ஒரு அம்மா வருவார். படம் முழுக்கத் தட்டில் டீயைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பார், ஒரு வசனம் இல்லை. கடைசியில் அந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் கூடி அவர் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர் தட்டை மேசையில் வைப்பார். ஒரு நாற்காலியை இழுத்து அவர்கள் நடுவில் போட்டு உட்காருவார். ஒரு டீயைத் தானே எடுத்துக் குடிப்பார். அவ்வளவுதான். பின்னணி இசை இல்லை, மெதுவாகக் காட்டவும் இல்லை. தியேட்டரில் ஒருவரும் அசையவில்லை. நான் அடித்தேன். என் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த விசில் அது. ஃபாத்திமா அக்கா தொடையில் தட்டிக்கொண்டு, "அடியே, போடு!" என்று கத்தினார். பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அந்த அம்மா உட்கார்ந்தது ஒன்று. அதை என் மகனும் பார்த்தான் என்பது இன்னொன்று.

நீ பார்க்கவில்லை. நீ திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னை எடுத்துக்கொண்டிருந்தாய். அது எனக்கு எப்போது தெரிந்தது? திரைப்பட விழாவில், ஐந்தாவது வரிசையில், நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. "என் படம் செலக்ட் ஆயிருக்கு மா, வாங்க" என்று நீ கூப்பிட்டதும் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். ஊரில் தனியாக இருக்கிறவர்களைப் பற்றிய படம் என்றாய். கோப்பிக் கடையில் ஒரு முதியவர் வந்தார், ஒரு காவலாளி வந்தார், நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் நான் வந்தேன். திரை அளவுக்கு என் முகம். மெதுவாக, மிக மெதுவாக என் விரல்கள் வாய்க்குப் போகின்றன. கன்னம் உப்புகிறது. கண்ணில் நீர் மினுங்குகிறது. ஆனால் சத்தம் இல்லை! என் விசிலை எடுத்துவிட்டு அங்கே ஏதோ ஒரு கம்பி வாத்தியத்தை அழவிட்டிருந்தாய். இடது பக்கம் ஃபாத்திமா அக்கா இல்லை, தோளோடு வெட்டியிருந்தாய். வலது பக்கம் ஒரு காலி நாற்காலி. எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் "பாவம்" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லி உச்சுக் கொட்டினார். அந்தக் காலி நாற்காலி யாருடையது என்று அவருக்குத் தெரியுமா? அது உன்னுடையது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் எழுந்து போய், எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்று படம் எடுத்திருக்கிறான்.

இதைக்கூட மன்னித்திருப்பேன். படம் முடிந்து விளக்குப் போட்டு, உன்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒருவர் எழுந்து, கடைசியில் வரும் அந்தப் பெண்மணி யார், அவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். இப்போது என்னைக் காட்டிவிடுவான், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், எழுந்து நிற்க வேண்டுமோ என்னவோ என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொன்னாய்: "அந்த தியேட்டர்ல இருந்த ஏதோ ஒரு ஆன்ட்டி." எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரயிலில் திரும்பும்போது உன்னைக் கேட்டேன். நீ சொன்னதையெல்லாம் அப்படியே எழுதுகிறேன், நான் உன்னை வெட்டப் போவதில்லை.

"நீங்க ஷை மா. எல்லாரும் பார்த்தா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்னுதான் சொல்லல."

"முகத்தை இவ்ளோ பெருசா காட்டினப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"அது நீங்க இல்ல மா. அது ஒரு இமேஜ்."

"என் மூக்குத்திடா அது."

"ஐயோ, புரிஞ்சுக்க மாட்டேங்கிறீங்க லா. தனிமைதான் படத்தோட தீம். நீங்க விசிலடிச்சிட்டு ஜாலியா இருந்தா தீமே போயிடும்."

"நான் ஜாலியாதானே இருந்தேன்?"

ஒரு நிலையம் கடந்த பிறகு, "அந்தப் படத்தோட சவுண்டும் சேர்ந்து வருது மா, ரைட்ஸ் பிரச்சினை, அதான் மியூட் பண்ணேன்" என்றாய். முதலில் தீம், பிறகு ரைட்ஸ். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெண் இயர்போனை ஒரு பக்கம் கழற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் நீ இதையெல்லாம் செய்தாய்.

ஃபாத்திமா அக்காவிடம் சொன்னேன். "என்னைய வெட்டிட்டானா?" என்றுதான் முதலில் கேட்டார். "மீனு திங்கும்போது என் மூஞ்சி நல்லா இருந்துச்சாமா? நான் பக்கத்துல இருந்தா ஒனக்கு என்ன தனிமை வரும், அதான் தூக்கிட்டான்." சிரித்துவிட்டு, "ஆனா ஒன்னைய ஆன்ட்டின்னு சொன்னது தப்பு. அதக் கேட்காம விடாதே" என்றார். அவர் சொல்லித்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

விழாப் படங்கள் மேல் எனக்கு வெறுப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. உன் படத்துக்கு முன்னால் ஒரு படம் போட்டார்கள். ஒரு கிழவி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள், பஸ் வரவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் எடுத்தவனும் அவளோடு நின்றிருக்கிறான் என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்துக் கேமராவுக்கே நீட்டுகிறாள், எடுத்தவன் அதை வாங்கிக்கொள்கிறான். அவன் கை திரையில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தப் படத்துக்குத் தைரியமாக விசிலடித்திருக்கலாம், ஆனால் அந்த அரங்கத்தில் இருமுவதற்கே பயமாக இருந்தது. மற்ற படங்களில் ஜன்னலைக் காட்டினால் நான் ஒரு கூடைத் துணியைக் காயப்போட்டுவிட்டு வந்தாலும் ஜன்னலேதான். ஏழையின் வீட்டில் ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று எங்கே சட்டம் போட்டார்கள்? நம்மைப் போன்றவர்கள் அந்தத் திரைக்குள் போக வேண்டுமென்றால் வாயைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டுமா? பெரிய படக்காரன் என் விசிலைக் கெஞ்சிக் கேட்கிறான். நீ விழாவில் இடம் பிடிக்க அதை ஊமையாக்கிவிட்டாய். எனக்கு அவனே தேவலை. நான் சத்தம் போடுவேன் என்றாவது அவன் நம்புகிறான்.

நீ போகிற ஊரில் கேமராவைப் பற்றி எல்லாம் சொல்லித்தருவார்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவரைப் படம் எடுப்பதற்கு முன் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார். அவர் பார்ப்பதை நீயும் முழுதாக ஒருமுறை பார், ஒன்றரை மடங்கு வேகத்தில் அல்ல. எதற்கு அழுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டு, பிறகு எழுந்து போய் எடு. இப்படி எடுக்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு எடு. வேண்டாம் என்றால் கையைக் கீழே இறக்கு. அன்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன், வேண்டாம்டா என்றிருப்பேன், இரண்டு நாள் கழித்துச் சரி என்றிருப்பேன். உனக்கு அந்த இரண்டு நாள் பொறுமை இல்லை.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன். என்னைப் படத்திலிருந்து எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை. முதலில் அப்படித்தான் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். நான் ஏன் போக வேண்டும்? நான் இருக்கிறேன். ஃபாத்திமா அக்காவின் தோள் தெரிகிற அளவுக்காவது அகலமாகக் காட்டு. அந்தக் கம்பி வாத்தியத்தை எடுத்துவிட்டு என் விசிலை அதே இடத்தில் போடு. ரைட்ஸ் பிரச்சினை என்றாயே, என் விசிலுக்கு ரைட்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. நேற்றுக் காலை நீ வெளியே போயிருந்தபோது, சமையலறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் அடித்தேன். வெளிச்சத்தில் அடித்தது அதுதான் முதல் தடவை. உன் அப்பா கூடத்திலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைக்கப் போனார். அடுப்பே எரியவில்லை. என்னைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "நீயா?" என்றார். நான்தான் என்றேன். "இன்னொரு தடவ அடி" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். இரண்டாவதைக் கைப்பேசியில் பதிவு செய்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுப் பார். தெளிவாக வந்திருக்கிறது, கடைசியில் உன் அப்பா சிரிப்பது மட்டும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, அதை வெட்ட வேண்டாம்.

அடுத்த திரையிடலுக்கு நான் வருகிறேன். உன் அப்பாவும் அன்று விடுப்புக் கேட்டிருக்கிறார், ஃபாத்திமா அக்கா புதுச் சேலை எடுத்துவிட்டார். அதே ஐந்தாவது வரிசை. என் முகம் திரையில் வரும். விரல்கள் வாய்க்குப் போகும். அப்போது உன் படத்திலிருந்து சத்தம் வந்தால் நல்லது, நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். வரவில்லை என்றால், அந்தச் சத்தம் ஐந்தாவது வரிசையிலிருந்து வரும். எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். விளக்கைப் போடுவார்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அந்தப் பெண்மணி யார் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மைக் உன் கையில்தான் இருக்கும்.

உன் அம்மா